புது கேம் கன்சோலுக்கு வரிசையில் நிற்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வெளியாகும் கன்சோலை முதல் நாளிலோ முதல் சில வாரங்களிலோ கடையில் வாங்க நினைப்பவர்களுக்கு இந்தப் பக்கம். விடிய விடிய நின்றும் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் உண்டு, காலையில் நிதானமாக வந்து வாங்கிப் போகிறவர்களும் உண்டு. கடைக்கு எத்தனை பெட்டி வருகிறது, எந்த முறையில் கொடுக்கப் போகிறார்கள் என்ற இரண்டையும் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அதனால் அதைப் பற்றித்தான் கீழே அதிகம் பேசியிருக்கிறோம்.

இவ்வளவு பெரிய நிறுவனங்களால் வேண்டிய அளவு தயாரிக்க முடியாதா?

பெரும்பாலும் ஏதாவது ஒரு பாகம் கழுத்தைப் பிடிக்கும். 2006-ல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது ப்ளூ-ரே டிரைவுக்கு வேண்டிய நீல லேசர் டயோடு போதவில்லை. முதல் நாளுக்கு ஜப்பானுக்கு 1 லட்சம், வட அமெரிக்காவுக்கு 4 லட்சம் என்றுதான் சோனியால் ஒதுக்க முடிந்தது. அதற்கு முன்பு 2000-ல் பிளேஸ்டேஷன் 2-க்கும் இதே கதை: வட அமெரிக்க வெளியீட்டுக்கு 10 லட்சம் என்று சொன்னது கடைசியில் 5 லட்சமாகக் குறைந்தது. 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் வந்த நேரத்தில் உலகம் முழுக்க மின்னணுச் சில்லு (சிப்) தட்டுப்பாடு. பிளேஸ்டேஷன் 5 இனி தேடாமல் கிடைக்கும் என்று சோனி அறிவிக்க 2023 ஜனவரி ஆனது.

பாகங்கள் எல்லாம் இருந்தாலும் முதல் வாரக் கூட்டத்துக்கு ஈடு கொடுப்பது கடினம். நின்டெண்டோ நிறுவனம் தன் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு முன்கூட்டியே சரக்கு சேர்த்து வைத்திருந்தது. 2025 ஜூன் 5-ல் வெளியாகி முதல் 4 நாளில் 35 லட்சத்துக்கும் மேல் விற்றது. அப்படியும் ஜப்பானில் நின்டெண்டோவின் சொந்த இணையக் கடை நடத்திய குலுக்கலுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதல் மாதத்தில் வருகிற கூட்டத்துக்கு ஏற்றபடி தொழிற்சாலையைப் பெரிதாக்கினால், ஆறு மாதம் கழித்து அந்தத் திறன் சும்மா கிடக்கும். அதை எந்த நிறுவனமும் செய்யாது.

உங்களைப் பொறுத்தவரை இதன் பொருள் இதுதான்: சரக்கு மொத்தமாக வராது, சிறு சிறு தவணையாகத்தான் வரும். முதல் நாள் கிடைக்காவிட்டால் கதை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

வரிசையில் நிற்பதைத் தவிர வேறு வழி இல்லையா?

உண்டு. அவற்றை முயன்று பார்த்துவிட்டு வரிசைக்கு வருவதுதான் நல்லது. முன்பதிவு திறக்கும் நாளில் கிடைத்துவிட்டால் மற்ற எதுவும் தேவையில்லை. சில நிறுவனங்கள் அழைப்பு அல்லது குலுக்கல் முறையில் விற்கின்றன. ஸ்விட்ச் 2-க்கு நின்டெண்டோ தன் சொந்தக் கடையில் பழைய வாடிக்கையாளர்களுக்கு முன்னுரிமை கொடுத்தது. மொத்தம் 12 மாதம் கட்டணம் செலுத்திய இணையச் சந்தாவும், பழைய ஸ்விட்சில் 50 மணி நேரம் விளையாடிய பதிவும் வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டுமே ஏற்கெனவே கடந்துபோன ஒரு தேதியை வைத்துக் கணக்கிடப்பட்டதால், அறிவிப்பைப் பார்த்தபிறகு சந்தா கட்டியவர்களுக்கு அது உதவவில்லை. ஒரு நிறுவனத்தின் அடுத்த கன்சோல் வேண்டும் என்று இப்போதே முடிவு செய்தவர்கள், அந்த நிறுவனத்தின் கணக்கையும் சந்தாவையும் அறுபடாமல் வைத்திருப்பது வீண் போகாது.

ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவிக்கு வால்வ் நிறுவனம் வேறு வழி எடுத்தது. 2021 ஜூலையில் சிறு முன்பணம் வாங்கி வரிசை எண் கொடுத்து, 2022 பிப்ரவரி கடைசியிலிருந்து அந்த வரிசைப்படியே வாங்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியது. யாரும் தெருவில் நிற்கவில்லை. எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்யலாம் என்பது எங்கள் கருத்து.

இன்னொன்று: முதல் நாள் கடையில் நேரடி விற்பனை உண்டா என்பதையே உறுதி செய்யுங்கள். பிளேஸ்டேஷன் 5 வெளியான நாளில், கொரோனா காலம் என்பதால், இணையத்தில் மட்டுமே விற்பனை என்று சோனி முன்கூட்டியே அறிவித்திருந்தது. அதைக் கவனிக்காமல் கடைக்குப் போயிருந்தால் நின்றது அத்தனையும் வீண்தான்.

கடையில் என்னென்ன கேட்க வேண்டும்?

வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை, முந்தைய நாள் மாலை ஒருமுறை கேளுங்கள். முதல்முறை விதிகள் தெரியும், இரண்டாம்முறை எண்ணிக்கை தெரியும். போனில் கேட்டால் "தெரியாது" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். நேரில் போய், அந்தப் பிரிவைக் கவனிக்கிற ஆளிடம் கேளுங்கள்.

எண்ணிக்கையைக் கேட்கும்போது "எத்தனை வருகிறது" என்று மட்டும் கேட்டால் போதாது. வருகிற 60-ல் 45 முன்பதிவு செய்தவர்களுக்கு என்றால் வரிசைக்கு மிஞ்சுவது 15. அந்த 15-லும் டிஸ்க் போடும் மாடல் எத்தனை, டிஸ்க் போட இடமில்லாமல் கேமை இணையத்தில் இறக்கும் டிஜிட்டல் மாடல் எத்தனை, கேமோடு சேர்த்துக் கட்டிய பண்டில் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள்.

பிறகு இவை:

- டோக்கன் அல்லது கைப்பட்டை கொடுப்பார்களா? எத்தனை மணிக்கு? அதைக் கொடுத்தபிறகு வீட்டுக்குப் போய்விட்டு வரலாமா?
- ஓர் ஆளுக்கு ஒன்றா, ஒரு வீட்டுக்கு ஒன்றா? அடையாள அட்டை கேட்பார்களா?
- வரிசை எந்த வாசலில் தொடங்கும்? வணிக வளாகமாக இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள். வளாகத்தின் வெளிக்கதவு ஒரு நேரம் திறக்கும், கடைக்கதவு வேறு நேரம் திறக்கும். வெளிக்கதவில் முதலில் நின்றவர், உள்ளே ஓடுகிற கூட்டத்தில் இருபதாவதாகிவிடுவார்.
- இரவில் அங்கே நிற்க அனுமதி உண்டா? பல வளாகங்களில் காவலாளிகள் நள்ளிரவில் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள், அதோடு வரிசையும் கலைந்துவிடும்.
- எந்தெந்த முறையில் பணம் வாங்குவார்கள்?

பதில் சொன்னவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் வேறு ஒருவர் வேறு விதி சொன்னால், "நேற்று இன்னார் இப்படிச் சொன்னாரே" என்று கேட்க அது உதவும்.

எத்தனை மணிக்குப் போய் நிற்பது?

எல்லாக் கடைக்கும் பொருந்துகிற ஒரு நேரம் கிடையாது. வரிசைக்கு மிஞ்சும் பெட்டிகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எண்ணிக்கை தெரிந்தபிறகு, முந்தைய நாள் மாலையிலும் இரவு படுக்கும் முன்பும் ஒருமுறை கடைப்பக்கம் போய்ப் பாருங்கள், அல்லது அருகில் இருக்கும் நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். வரிசைக்கு 15 பெட்டி என்றிருக்க, இரவு 10 மணிக்கே 6 பேர் நாற்காலி போட்டிருந்தால், விடியும்வரை காத்திருக்க முடியாது. யாருமே இல்லையென்றால் கடை திறக்க மூன்று, நான்கு மணி நேரம் முன்பு வந்தால் பெரும்பாலும் போதும்.

வந்ததும் முதல் வேலை தலையை எண்ணுவது. கண்ணால் எண்ணினால் கணக்கு தவறும். துணைக்கு வந்தவர்கள் வாங்க மாட்டார்கள், காரில் தூங்குகிறவர்கள் வாங்குவார்கள். முன்னால் இருப்பவர்களிடம் "எத்தனை பேர் வாங்கப் போகிறீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை, எல்லோருக்கும் அந்தக் கணக்கு வேண்டும். ஒரு குடும்பமாக நான்கு பேர் நின்று, ஆளுக்கு ஒன்று என்ற விதி இருந்தால், அது நான்கு பெட்டி.

உங்கள் எண் 13, மொத்தம் 15 என்றால் கிடைக்கும் என்று சொல்லலாம், நீங்கள் விரும்பிய மாடல் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 15-ல் 10 டிஸ்க் மாடல், 5 டிஜிட்டல் மாடல் என்றால், பதினோராவது ஆளிலிருந்து "டிஜிட்டல்தான் இருக்கிறது, வேண்டுமா?" என்ற கேள்வி வரலாம். அதற்கான பதிலை நிற்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். கல்லாவுக்கு முன் நின்று யோசித்தால் பின்னால் இருப்பவர்கள் நெருக்குவார்கள், அவசரத்தில் எடுத்த முடிவு பிறகு உறுத்தும்.

உங்கள் எண் 16 அல்லது 17 என்றால் நின்று பார்க்கலாம். முன்னால் இருக்கும் யாராவது போய்விடுவார், அல்லது ஒருவருடைய கார்டு வேலை செய்யாது. எண் 25 என்றால் அடுத்த கடைக்குப் போங்கள், அல்லது வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

அடையாள அட்டை, இரண்டு வேறு வங்கிகளின் கார்டு, முழு சார்ஜோடு போன், ஒரு பவர் பேங்க். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் மின்னழுத்த மாற்றத்தில் போவதைக் கழித்து 6,000 எம்ஏஎச் சொச்சம்தான் போனுக்குப் போய்ச் சேரும். இன்றைய போன்களில் அது ஒருமுறை முழுச் சார்ஜ், கொஞ்சம் மிச்சம். இரவு முழுக்க வீடியோ பார்க்க அது போதாது என்பதை நினைவில் வையுங்கள். காலையில் பணம் கட்டும்போது ஓடிபி வரப்போவதும் அந்தப் போனுக்குத்தான்.

மடக்கு நாற்காலி, குடை அல்லது மழைக்கோட்டு, விடியற்காலைக் குளிருக்கு ஒரு மேலாடை, தண்ணீர், கையில் வைத்தே சாப்பிடக்கூடிய ஏதாவது, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை. கூடாரம் எடுத்து வர வேண்டாம். பல இடங்களில் அனுமதிப்பதில்லை, கலைத்துப் போடச் சொல்லும் நேரத்தில் இடம் பறிபோகும். கடைசியாக ஒரு பெரிய துணிப்பை, கன்சோல் பெட்டியை உள்ளே வைத்து மூடக்கூடிய அளவில். முதல் பிளேஸ்டேஷன் 5-ன் எடை மட்டுமே 4.5 கிலோ, பெட்டியோடு இன்னும் அதிகம். கடை கொடுக்கும் மெல்லிய பையின் கைப்பிடியை நம்பி அதைத் தூக்க முடியாது. எல்லோர் கண்ணிலும் படும்படி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் நல்லதல்ல.

கழிப்பறைக்குப் போனால் இடம் போய்விடுமா?

முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். ஒருவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய், அவரும் எழுந்து போயிருந்தால் திரும்பி வரும்போது வாக்குவாதம்தான். 15 நிமிடம், 20 நிமிடம் என்றால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நாற்காலியை மட்டும் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் காணாமல் போனால் அந்த இடத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. இரவு முழுக்கத் திறந்திருக்கும் கழிப்பறை எங்கே என்று முந்தைய நாளே பார்த்து வையுங்கள். டோக்கன் கொடுக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பிருந்து எங்கும் நகராதீர்கள்.

வரிசையில் நிற்பவர்களே பெயர்ப் பட்டியல் எழுதுகிறார்கள். அதை நம்பலாமா?

நல்ல பழக்கம்தான், ஆனால் கடைக்காரர் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் வரும் கடை ஊழியரிடம் பட்டியலைக் காட்டி, "இதன்படிதான் நிற்கிறோம், இதையே எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். சரி என்றால் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். முடியாது என்றால் பட்டியலுக்கு மதிப்பு இல்லை, கதவுக்கு முன் ஆளாக நிற்பதுதான் கணக்கு. எண், பெயர், வந்த நேரம், எந்த மாடல் என்று நான்கு பத்தி போதும். போன் நம்பர் எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள், முன்பின் தெரியாதவர்கள் கையில் அந்தத் தாள் சுற்றும். பட்டியலில் பெயர் எழுதிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களின் இடத்தை மற்றவர்கள் காப்பாற்ற வேண்டியதில்லை. இதைப் பட்டியல் தொடங்கும்போதே எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டால் காலையில் சண்டை வராது.

நடுவில் புகுகிறவர்களை என்ன செய்வது?

நீங்களே பிடித்துத் தள்ளாதீர்கள். ஊழியரையோ காவலாளியையோ கூப்பிடுங்கள், உங்களுக்குப் பின்னால் இருப்பவர்களும் சேர்ந்து சொல்லட்டும். தள்ளுமுள்ளு ஆரம்பித்தால் விற்பனையே நின்றுபோகும். 2021 ஜனவரியில் டோக்கியோவின் அகிஹபாராவில் ஒரு பெரிய கடை, பிளேஸ்டேஷன் 5-க்குச் சீட்டு கொடுக்க ஆரம்பித்த இடத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் முண்டியடித்தார்கள். போலீஸ் வந்தது, சீட்டு விநியோகம் நிறுத்தப்பட்டது. ஒழுங்காக நின்றவர்களும் சேர்த்தே இழந்தார்கள். ஊழியர் ஒருவரும் இல்லாமல், கயிறோ தடுப்போ இல்லாமல் கூட்டம் மட்டும் பெருகுகிற இடத்தில் குழந்தையோடு நிற்காதீர்கள், விலகிவிடுங்கள்.

ரொக்கமாக எடுத்துப் போகலாமா?

வேண்டாம். கன்சோல் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு கன்சோலின் விலை அளவுக்குப் பணம் இருக்கும் என்று திருடர்களுக்குத் தெரியும். 2006-ல் பிளேஸ்டேஷன் 3 வெளியானபோது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், வரிசையில் நின்றவர்களிடம் பணம் பறிக்க வந்தவர்கள், கொடுக்க மறுத்த ஒருவரைத் துப்பாக்கியால் சுட்டார்கள். கடை ரொக்கம் மட்டுமே வாங்கும் என்றால் தனியாகப் போகாதீர்கள். வாங்கிக்கொண்டு திரும்பும்போதும் நேராக வீட்டுக்கு. பெட்டியோடு நின்று படம் எடுத்து, இருக்கும் இடத்தோடு சமூக ஊடகத்தில் போடுவதை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபிறகு செய்யலாம்.

கல்லாவில் கார்டு வேலை செய்யாமல் போகிறதே, ஏன்?

முக்கியமாக மூன்று காரணம். கார்டின் அன்றாட வரம்பு கன்சோல் விலையைவிடக் குறைவாக இருக்கும். வழக்கத்துக்கு மாறான நேரத்தில் பெரிய தொகை என்பதால் வங்கியின் மோசடித் தடுப்பு அதை நிறுத்தும். அல்லது கடைக்குள் அத்தனை பேர் கூடியதில் நெட்வொர்க் திணறி ஓடிபி வராது. முதல் இரண்டையும் முந்தைய நாளே சரிசெய்யலாம்: வங்கிச் செயலியில் வரம்பை உயர்த்துங்கள், கன்சோலோடு கூடுதல் கன்ட்ரோலர், கேம், வரி எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு உயர்த்துங்கள். மூன்றாவதற்கு, வேறு வங்கியின் கார்டு ஒன்று கையில் இருப்பதுதான் மருந்து. அதுவும் இல்லையென்றால் பாதித் தொகை ஒன்றில், மீதி இன்னொன்றில் என்று பிரித்துக் கட்ட முடியுமா என்று கேளுங்கள்.

கன்சோலோடு கேம், கன்ட்ரோலர் எல்லாம் சேர்த்து வாங்கினால்தான் தருவேன் என்கிறார்கள்.

இரண்டு வகை இருக்கிறது. நிறுவனமே ஒரு பெட்டியாகக் கட்டி அனுப்பும் பண்டிலில் பெரும்பாலும் கேம் மலிவாகவே கிடைக்கும். கடைக்காரர் தானாகச் சேர்த்துக் கட்டுவதில், விற்காமல் கிடந்த சரக்கு வந்து சேரும். ஒவ்வொரு பொருளையும் நீங்கள் தனியாக வாங்கியிருப்பீர்களா என்று பாருங்கள். வாங்கியிருக்க மாட்டீர்கள் என்றால் அதன் விலை முழுவதும் கன்சோலுக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் தொகை. வேண்டாத பொருளை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பில் போடும் முன் கேளுங்கள்.

கையில் வாங்கியதும் எதைப் பார்க்க வேண்டும்?

கடையை விட்டு வெளியே வரும் முன் பாருங்கள். பெட்டியில் இருப்பது நீங்கள் கேட்ட மாடலா, முத்திரை ஒட்டியது அறுபடாமல் இருக்கிறதா, மூலைகள் நசுங்கியிருக்கிறதா, பெட்டிமேல் உள்ள சீரியல் நம்பரும் பில்லில் உள்ளதும் ஒன்றா. பில்லைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் நாளடைவில் வெளிறிப்போகும், வாரண்டி கேட்கும் நாளில் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

பில்லைப் பெட்டியோடு சேர்த்து ஸ்டேப்ளர் போட வந்தால் கையை நீட்டித் தடுத்துவிடுங்கள். ஸ்விட்ச் 2 வெளியான இரவில் அமெரிக்காவில் ஒரு கடையில் இப்படிப் போட்ட ஸ்டேப்ளர் ஊசி அட்டையைத் துளைத்து உள்ளே இருந்த திரையில் குத்தியது. அந்தப் பெட்டியில் திரை மேல் அட்டைக்கு மிக அருகில் இருக்கும். கடை மாற்றிக் கொடுத்தது உண்மைதான், ஆனால் முதல் நாளில் மாற்றிக் கொடுக்க இன்னொரு பெட்டி எல்லாக் கடையிலும் இருக்காது.

ஜப்பானில் சில கடைகள் பெட்டிமேல் வாங்கியவர் பெயரை எழுதியோ, உள்ளே இருக்கும் கன்ட்ரோலரின் உறையைக் கிழித்தோ கொடுத்தன. பிளாக்கில் விற்பவர்களுக்குப் "புதியது" என்று விற்க முடியாமல் செய்வதற்கான வழி அது. விளையாட வாங்குகிறவருக்கு அதனால் எந்த இழப்பும் இல்லை, எதிர்க்காதீர்கள்.

எனக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது. உடனே கிளம்பிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். டோக்கன் வாங்கியவர்கள் குறிப்பிட்ட நேரத்துக்குள் பணம் கட்ட வேண்டும் என்று கடை வைத்திருந்தால், அந்த நேரம் முடிந்ததும் ஓரிரண்டு பெட்டி மீதமாகும். அதைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். முன்பதிவு செய்துவிட்டு வந்து எடுத்துப் போகாதவர்களின் பெட்டிகளும் சில நாள் கழித்து விற்பனைக்கு வரும். அது எந்த நாள் என்று கேட்டு, அன்று காலை போய் நில்லுங்கள். அன்றைக்குக் கூட்டமே இருக்காது. அடுத்த தவணை சரக்கு எந்தக் கிழமை வருகிறது என்பதையும் கேட்டு வையுங்கள். பல கடைகளுக்கு லாரி வரும் கிழமை மாறுவதில்லை.

எனக்குப் பதில் வேறு ஒருவர் நிற்கலாமா?

டோக்கனும் அடையாள அட்டையும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தால் பயனில்லை. விதி இல்லாத இடத்திலும், பின்னால் நிற்பவர்களிடம் ஆரம்பத்திலேயே "இன்னாருக்காக நிற்கிறேன், அவர் வந்ததும் நான் போய்விடுவேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒருவர் இடத்துக்கு ஒருவர். ஒருவர் நின்ற இடத்துக்கு ஐந்து பேர் வந்து சேர்வது பின்னால் நிற்கும் நான்கு பேரிடமிருந்து திருடுவதுதான்.

இணைய வரிசை எப்படி வேலை செய்கிறது? எப்போது உள்ளே போக வேண்டும்?

பல தளங்களில் விற்பனை தொடங்கும் முன் ஒரு காத்திருப்புப் பக்கம் திறக்கும். தொடங்கும் நொடியில் அங்கே இருக்கும் அனைவருக்கும் குலுக்கலாக எண் கொடுக்கப்படும். ஒரு மணி நேரம் முன்பே வந்தவருக்கும் ஒரு நிமிடம் முன்பு வந்தவருக்கும் வாய்ப்பு ஒன்றுதான். தொடங்கியபிறகு வருகிறவர்கள் கடைசியில் போய்ச் சேர்வார்கள். ஆகவே பத்து நிமிடம் முன்பு உள்ளே இருந்தால் போதும், ஒரு நிமிடம் பிந்தக் கூடாது.

எண் கிடைத்தபிறகு பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள், அந்தப் பக்கமே நேரத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஒரே கணக்கில் பத்து டேப் திறந்தால் சில தளங்கள் உங்களை பாட் (ஆள் இல்லாமல் தானாக வாங்கும் நிரல்) என்று நினைத்து வெளியே தள்ளும். முந்தைய நாளே கணக்கில் நுழைந்து முகவரியையும் கார்டையும் சேமித்து, சிறிய பொருள் ஒன்றைக் கூடையில் போட்டுப் பணம் கட்டும் பக்கம்வரை போய்ப் பாருங்கள். கடவுச்சொல் மறந்தது, முகவரியில் அஞ்சல் குறியீடு இல்லாதது எல்லாம் அப்போதே தெரியும். பல தளங்களில் கூடையில் விழுந்துவிட்டாலே உங்களுடையது ஆகிவிடாது. பணம் கட்டி முடிக்கும்வரை அது யாருக்கும் போகலாம். ஆகவே கூடுதல் கேமைத் தேடிச் சேர்க்க நேரம் செலவழிக்காதீர்கள்.

கிடைக்கவே இல்லை. பிளாக்கில் வாங்கிவிடலாமா?

வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வோம். கூடுதல் விலை ஒரு பக்கம். பில் வேறு ஒருவர் பெயரில் இருந்தால் வாரண்டி கேட்கும்போது சிக்கல் வரும். அதைவிட முக்கியம், அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்கும்வரை வரிசையின் முன்பகுதியில் நிற்பவர்கள் விளையாடாதவர்களாகவே இருப்பார்கள்.

முன்பின் தெரியாத தளத்தில் மட்டும் நிறையச் சரக்கு இருந்தாலோ, கார்டு வேண்டாம் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள் என்றாலோ விலகிவிடுங்கள். விளம்பரத்தை முழுதாகப் படியுங்கள். கன்சோலின் "பெட்டி மட்டும்", கன்சோலின் "புகைப்படம்" என்று சின்ன எழுத்தில் போட்டு முழு விலைக்கு ஏமாற்றுவது பழைய வித்தை.

பயன்படுத்தியதை வாங்கினால்?

போட்டுக் காட்டச் சொல்லி, இணையத்தில் இணைத்து, நிறுவனத்தின் கடைப் பக்கம் திறக்கிறதா என்று பார்த்தபிறகே பணம் கொடுங்கள். விதிமீறலுக்காக நிறுவனம் ஒரு கன்சோலையே தன் இணையச் சேவையிலிருந்து தடை செய்யலாம். 2025-ல் கேம் நகல்களை ஓட்டும் சாதனங்களைப் போட்ட ஸ்விட்ச் 2-கள் இப்படித் தடை செய்யப்பட்டன. உரிமையாளர் மாறினாலும் தடை கன்சோலோடுதான் போகும்.

எந்த நாட்டுப் பதிப்பு என்பதையும் பாருங்கள். ஜப்பானில் மலிவாக விற்கும் ஸ்விட்ச் 2-ல் ஜப்பானிய மொழி மட்டுமே உண்டு, ஜப்பானில் பதிவான கணக்கை மட்டுமே அதில் இணைக்க முடியும். வெளிநாட்டிலிருந்து யாராவது "விலை குறைவு" என்று வாங்கி வந்தால் முதலில் இதைக் கேளுங்கள்.

பேசாமல் ஆறு மாதம் பொறுத்தால் என்ன?

உங்களை அவசரப்படுத்தும் கேம் எதுவும் இல்லையென்றால், பொறுப்பது நல்ல முடிவு. முதல் தவணைக் கன்சோல்களில்தான் வடிவமைப்புக் குறைகள் தெரியவரும். 2005-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-ல் சிவப்பு வளையம் எரிந்து செயலிழக்கும் கோளாறு பரவலாக இருந்ததால், மைக்ரோசாஃப்ட் 2007-ல் அந்தக் கோளாறுக்கான வாரண்டியை 3 ஆண்டாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டி வந்தது. 2017-ன் முதல் ஸ்விட்ச் ஒரு சார்ஜில் 2.5 முதல் 6.5 மணி நேரம் ஓடியது, 2019-ல் அதே பெயரில் வந்த திருத்திய மாடல் 4.5 முதல் 9 மணி நேரம் ஓடியது.

விலை குறையும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். பழைய தலைமுறைகளில் அது நடந்தது. பிளேஸ்டேஷன் 5-ன் விலை 2022 ஆகஸ்டில் பல நாடுகளில் கூடியது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும்?

குளிரில் இருந்து கொண்டுவந்திருந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் பெட்டியிலேயே விடுங்கள், உள்ளே ஈரம் படிந்திருக்கும். பிறகு முதல் வேலை மென்பொருள் புதுப்பிப்பு. ஸ்விட்ச் 2-ல் பழைய ஸ்விட்ச் கேம்கள் ஓடவே முதல் நாள் புதுப்பிப்பு தேவைப்பட்டது. கழற்றி மாட்டும் வகைப் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க் டிரைவை முதல்முறை இணைக்கவும் இணையம் வேண்டும். வெளியீட்டு நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்குவதால் மெதுவாக இருக்கும், இரவில் விட்டுவிட்டுத் தூங்கலாம்.

ஸ்விட்ச் 2-ன் திரைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தை உரிக்காதீர்கள். அது பொட்டலத்துக்குப் போட்ட உறை இல்லை, திரை உடைந்தால் சில்லுகள் சிதறாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே ஒட்டியது. பழைய ஸ்விட்சின் மைக்ரோஎஸ்டி கார்டில் கேம் சேமிக்கவும் அதில் முடியாது, மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும். பழைய கார்டிலிருந்து படங்களையும் வீடியோக்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

டிஸ்க் டிரைவ், ஒவ்வொரு கன்ட்ரோலர் பொத்தான், எச்டிஎம்ஐ இணைப்பு, வைஃபை எல்லாவற்றையும் முதல் இரண்டு நாளிலேயே சோதித்துவிடுங்கள். கடை மாற்றிக் கொடுக்கும் கெடு முடியும்வரை பெட்டியையும் உள்ளே வந்த அட்டைகளையும் தூக்கி எறியாதீர்கள், பழைய கன்சோலையும் விற்காதீர்கள்.